ஊருக்கொரு தொலைபேசி



தந்தி என்றாற் சாவுச் செய்தி என்று நடுங்கிய தலைமுறையிற் பிறந்தவன் நான். எங்கள் ஊரில் உப தபாற்கந்தோர் ஒன்று இருந்தது. அதன் மூலையிலே மரப்பெட்டி ஒன்றின்மீது கறுப்பு நிறத் தொலைபேசி ஒன்று வீற்றிருந்தது. வீற்றிருந்தது என்று சொல்வதிற் பிழையில்லை. கோயில் மூர்த்திக்கு அடுத்தபடியாக ஊரார் அத்துணை மரியாதையோடு அணுகிய பொருள் அதுவேயாகும். கொழும்பிலுள்ள மகனோடு பேச விரும்பிய தாய், காலையில் வந்து இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வாங்கிலே குந்தியிருப்பாள். இணைப்புக் கிடைத்தால் அன்று அவளுக்குத் திருநாள். கிடையாவிடின் மறுநாளும் வருவாள். கிடைத்த மூன்று நிமிடத்திலும் பாதி, "கேட்கிறதோ, கேட்கிறதோ" என்பதிலேயே கழிந்துவிடும்.

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் வரலாறு பாடநூல்களில் உண்டு. அக்கருவி நகரத்தைவிட்டுக் கிராமத்துக்கு நடந்துவந்த வரலாறோ பாடநூல்களில் இல்லை. அந்த நடை ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட நீண்ட நடை. அதனைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது உரையாட விரும்புகின்றேன்.

நமது நாட்டிலிருந்தே தொடங்குவோம். 1850ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் ஐரோப்பியச் செய்திகளைக் கப்பல்கள் காலித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தன. அவற்றைக் கொழும்புக்கு விரைந்து சேர்ப்பிக்கச் 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகையினர் புறாக்களைப் பழக்கி வைத்திருந்தனர். 1858இலே காலிக்கும் கொழும்புக்குமிடையே தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. பின்னர் அக்கம்பி எங்கெங்கே சென்றது என்று பார்த்தால், துறைமுகத்துக்கும், கச்சேரிக்கும், கோப்பித் தோட்டத்துக்கும், தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்கும் சென்றது. அதே தோட்டத்து லயன் காம்பிராவுக்கு அது செல்லவில்லை. குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்ட ஏனைய நாடுகளிலும் கதை பெரும்பாலும் இதுவே. ஆள்வோரும் வாணிகரும் தம்முள் பேசிக்கொள்வதற்கான வழியாகவே தொலைத்தொடர்பு அந்நாடுகளிற் புகுந்தது. சுதந்திரம் வந்தபின்னும் கம்பியின் போக்கு உடனே மாறிவிடவில்லை.

உலகம் இதனைக் கணக்கெடுத்துப் பார்த்தது மிகப் பிந்தியே. 1982ஆம் ஆண்டு நைரோபி நகரிற் கூடிய சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் மாநாடு, இவ்விடயத்தை ஆராயச் சுதந்திரக் குழுவொன்றை நியமித்தது. சேர் டொனால்ட் மெயிற்லண்ட் என்ற பிரித்தானிய இராசதந்திரி அதன் தலைவர். 'விடுபட்ட கண்ணி' என்று தமிழிற் கூறத்தக்க தலைப்போடு 1985ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிக்கை வெளிவந்தது. அறிக்கைகள் பெரும்பாலும் உறக்கத்தைத் தருவன. இவ்வறிக்கை உறக்கத்தைக் கெடுத்தது. அக்காலத்தில் உலகிலிருந்த தொலைபேசிகள் ஏறத்தாழ 60 கோடி. அவற்றுள் முக்காற்பங்கு ஒன்பது செல்வ நாடுகளுக்குள் அடங்கிவிட்டது. யப்பானின் தலைநகராகிய தோக்கியோ ஒன்றிலே இருந்த தொலைபேசிகள், 50 கோடி மக்கள் வாழ்ந்த ஆபிரிக்கக் கண்டம் முழுவதிலும் இருந்தவற்றிலும் அதிகம். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலாவது மனித குலம் முழுவதும் எளிதிற் சென்றடையத்தக்க தூரத்திலே தொலைபேசி இருத்தல் வேண்டும் என்று அக்குழு இலக்கு வகுத்தது.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் தொலைபேசி வேண்டும் என்று அக்குழு கூறவில்லை; சென்றடையும் தூரத்தில் வேண்டும் என்றே கூறிற்று. அந்த நுண்ணிய வேறுபாட்டிலேதான் பின்வந்த வரலாறு முழுவதும் தங்கியிருக்கின்றது.

அந்நாளில் அரசுகளிடத்திலே ஒரு கொள்கை வேரூன்றியிருந்தது. தொலைபேசி ஓர் ஆடம்பரப் பொருள். ஏழைக்கு வேண்டியது அரிசியும், கிணறும், வைத்தியசாலையுமேயன்றி மணியடிக்கும் பெட்டியன்று என்பதே அது. இந்தியப் பாராளுமன்றத்திலே அமைச்சர் ஒருவர், தொலைபேசி ஆடம்பரமே, உரிமையன்று, சேவையிற் குறை காண்போர் கருவியைத் திருப்பித் தந்துவிடலாம் எனும் கருத்துப்பட விடையிறுத்தார் என்று இன்றும் கூறுவர். கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும் வாதம் இது. நானும் இளமையில் இதனை நம்பியவனே. ஆயின், வைத்தியசாலை இருபது கல் தொலைவிலே இருக்கின்றது. அங்கே வைத்தியர் இன்று இருக்கின்றாரா என்று அறியும் வழி எது? வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பதே வழி என்றால், தொலைபேசி எவ்வாறு ஆடம்பரமாகும்?

இவ்வினாவை எழுப்பியவர்களுள் முக்கியமானவர் சாம் பித்ரோடா. 1942இல் ஒரிசா மாநிலத்துத் திற்லாகர் என்னும் சிற்றூரில், தச்சுத் தொழிலை மரபாகக் கொண்ட குசராத்திக் குடும்பமொன்றிற் பிறந்தவர். பரோடாவிற் கற்று, 1964இல் அமெரிக்கா சென்று, சிக்காகோவிலே மின் பொறியியல் பயின்றார். அமெரிக்கா சேரும்வரை தாம் தொலைபேசியிற் பேசியதே இல்லை என்று அவரே கூறியிருக்கின்றார். அவ்வாறானவர் தொலைபேசி இணைப்புக் கருவிகளை ஆக்குவதில் வல்லுநராகி, நிறுவனம் ஒன்றையும் தொடக்கி, அதனை 1980இல் விற்றுப் பெருஞ் செல்வரானார். அக்காலத்தை அடுத்துத் தில்லிக்கு வந்து உயர்ந்த ஹோட்டல் ஒன்றில் தங்கினார். சிக்காகோவிலுள்ள மனைவியோடு பேச முயன்றார், முடியவில்லை. சாளரத்தின் வழியே கீழே நோக்கினார். வீதியிலே ஒரு சவ ஊர்வலம். பாடையிலே கிடந்தவை இறந்துபோன தொலைபேசிகள்! வேலை செய்யாத கருவிகளைச் சுமந்து சந்தாதாரர் நடத்திய கண்டன ஊர்வலம் அது. இதனை அவரே பின்னர் எழுதியிருக்கின்றார்.

அன்றைய இந்தியாவில் 70 கோடி மக்களுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் தொலைபேசிகளே இருந்தன. 100 கிராமங்களை எடுத்தால் 97இல் ஒன்றுகூட இல்லை. பிரதமர் இந்திரா காந்தியையும் அவர்தம் மைந்தர் இராஜீவ் காந்தியையும் பித்ரோடா கண்டு தம் எண்ணத்தை விளக்கினார். அதன் பயனாக 1984 ஆகஸ்டிலே தொலைத்தொடர்பு அபிவிருத்தி நிலையம் தோன்றியது. சி-டொட் என்பது அதன் சுருக்கப் பெயர். 36 கோடி ரூபா, 36 மாதம் என்பது அரசோடு செய்த உடன்பாடு. அவர் பெற்ற வேதனம் ஆண்டுக்கு ஒரு ரூபா. சில நூறு இளம் பொறியியலாளர் சேர்ந்தனர். அவர்தம் சராசரி வயது ஏறத்தாழ 25.

அவர்கள் எதிர்நோக்கிய இடர் யாது? மேல்நாட்டு இணைப்பு நிலையங்கள் நகரங்களுக்கென ஆக்கப்பட்டவை. அவை பல்லாயிரம் இணைப்புகளைத் தாங்குவன. குளிரூட்டிய அறையில் மாத்திரமே உயிர்வாழ்வன. ஐந்நூறு வீடுகள் கொண்ட கிராமத்துக்கு அவ்வளவு பெரிய பொறி எதற்கு? அன்றியும் அங்கே குளிரூட்டியும் இல்லை, அதனை ஓட்ட மின்சாரமும் இல்லை; தூசி மட்டும் தாராளமாக உண்டு. இன்னொரு வேறுபாடும் இருந்தது. மேல்நாட்டில் ஒரு வீட்டுத் தொலைபேசி நாளிற் சில நிமிடங்களே பேசும். இந்தியாவிலோ ஒரு கருவியை ஊரே பங்கிட்டுக்கொண்டது. ஆதலின் அது ஓயாது பேசிற்று. அயல்நாட்டுக் கணக்கின்படி அமைந்த நிலையங்கள் அச்சுமையைத் தாங்காது திணறின.

ஆகவே 128 இணைப்பு வாயில்கள் கொண்ட சிறு நிலையம் ஒன்றை அவர்கள் உருவாக்கினர். பெரிய பெட்டகம் ஒன்றின் அளவே அது. மின்சாரத்தைக் குறைவாக உண்ணும் சில்லுகளைப் பொறுக்கி, வெப்பம் தானாகவே மேலெழுந்து வெளியேறுமாறு அமைத்தனர், குளிரூட்டி வேண்டியதில்லை. 1986இலே கர்நாடக மாநிலத்துக் கிற்றூரில் அது நிறுவப்பட்டது. பிரித்தானியரை எதிர்த்த இராணி சென்னம்மாவின் ஊர் அது என்பது வரலாறு கற்பிப்பவனாகிய எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

ஐயாயிரம் பேர் வாழ்ந்த ஊரொன்றுக்கு இத்தகைய நிலையம் வந்து ஆறு மாதத்துக்குள், அவ்வூர் வங்கியின் வைப்புத்தொகை நூற்றுக்கு 80 வீதம் ஏறியது என்று 1993இற் பித்ரோடா எழுதினார். லொறி உரிமையாளர் தம் சாரதி எங்கே நிற்கின்றார் என அறிந்தார். கமக்காரர் நகரத்து விலையைக் கேட்டறிந்த பின்னரே விளைச்சலை ஏற்றினர். தம் பிள்ளையின் பெருமையைத் தந்தை பேசும்போது சிறிது கழித்துக் கேட்பதே முறை. கழித்தபின்னும் எஞ்சுவது சிறிதன்று. நடுநிலையோடு மற்றொன்றும் சொல்லல் வேண்டும். நகரங்களுக்கான பெரிய நிலையம் குறித்த 36 மாதத்துள் முடியவில்லை. அதற்காகப் பெருங் கண்டனம் எழுந்தது. கிராமத்துக்கான சிறு பொறியே முந்திக்கொண்டது.

கருவியினும் பெரிய மாற்றம் தெருவோரத்தில் நிகழ்ந்தது. எஸ்.ரீ.டி., பி.சி.ஓ. என்ற எழுத்துகள் தீட்டிய மஞ்சட் பலகைகளை இந்தியா சென்று வந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு தொலைபேசி, ஒரு கட்டண அளவி, ஒரு நாற்காலி, அதிலே ஒரு மனிதர். ஊனமுற்றோருக்கும், விதவைகளுக்கும், படையிலிருந்து ஓய்வுபெற்றோருக்கும் இக்கடைகளை வழங்குவதில் முன்னுரிமை இருந்தது. இரவிற் கட்டணம் குறையும். ஆதலின் இரவு பதினொரு மணிக்கு வரிசை நீளும். யாரும் தொலைபேசியைச் சொந்தமாக வைத்திருக்கவில்லை. ஆயின் எல்லாரும் பேசினர்.

இனி வங்காளத்துக்குச் செல்வோம். 1971ஆம் ஆண்டு, பங்களாதேஷ் விடுதலைப் போர்க்காலம். நகரத்தைவிட்டுக் கிராமத்திலே அடைக்கலம் புகுந்த குடும்பமொன்றில் இக்பால் காதிர் என்ற சிறுவன் இருந்தான். வயது பன்னிரண்டோ பதின்மூன்றோ. வீட்டிற் பிள்ளை ஒன்றுக்கு நோய். மருந்து வாங்கிவர இவனைப் பல கல் தொலைவிலுள்ள வேறோர் ஊருக்கு அனுப்பினார்கள். காலை முழுவதும் நடந்து சென்றான். மருந்துக்காரர் அங்கே இல்லை. மாலை முழுவதும் நடந்து வெறுங்கையோடு திரும்பினான். அவ்வளவே நிகழ்ச்சி. போர்க்காலத்தில் இதனிலும் கொடியவை ஆயிரம் நிகழ்ந்திருக்கும். ஆயினும் 1993இலே நியூயோர்க் நகரத்து நிதி நிறுவனம் ஒன்றில் அவர் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, கணினிகளை இணைத்த வலை அறுந்து வேலை நின்றுபோயிற்று. அப்பொழுது அந்தப் பழைய நாள் அவர் நினைவில் எழுந்தது. தொடர்பில்லாத நாள் வீணான நாள் என்பதை உணர்ந்தார்.

அன்று பங்களாதேஷில் ஏறத்தாழ 500 பேருக்கு ஒரு தொலைபேசி, அதுவும் நகரங்களிலேயே. பேராசிரியர் முகம்மது யூனுஸ் தொடக்கிய கிராமீன் வங்கி, அடகு கேளாமல் ஏழைப் பெண்களுக்குச் சிறு கடன் வழங்கிவந்ததை நேயர்கள் அறிவீர்கள். அவ்வங்கியின் வழக்கமான கதை ஒரு பசுவின் கதை. பெண் ஒருத்தி கடன் பெற்றுப் பசு வாங்குவாள், பாலை விற்பாள், கடனை அடைப்பாள், எஞ்சியது அவளுக்கு. காதிர் வங்கியாரிடம் கேட்டது ஒன்றே: தொலைபேசி ஏன் அந்தப் பசுவாக இருத்தல் ஆகாது?

எத்துணை எளிய வினா! பொருளியல் நூல்கள் பலவற்றைப் புரட்டியும் காணாத தெளிவு இதில் இருக்கின்றது என்பது என் கருத்து. தொலைபேசியை உண்பதற்குரிய பண்டமாக எண்ணியோர் அதனை ஆடம்பரம் என்றனர். கறப்பதற்குரிய பசுவாக எண்ணியவர் அதனை முதல் என்றார்.

நோர்வே நாட்டுத் தெலெனோர் நிறுவனம் கூட்டுச் சேர்ந்தது. 1997 மார்ச் 26ஆம் நாள், பங்களாதேஷின் சுதந்திர தினத்தன்று, கிராமீன்போன் சேவை தொடங்கியது. இங்கே புகையிரதப் பாதைக்கும் ஒரு பங்குண்டு. பங்களாதேஷ் புகையிரதத் திணைக்களம் தன் சமிக்ஞைத் தேவைக்காக நோர்வேயின் உதவியோடு பாதை நெடுக ஏறத்தாழ 1,800 கிலோமீற்றருக்கு ஒளியிழைக் கம்பி பதித்திருந்தது. அதிற் பெரும்பகுதி பயனின்றிக் கிடந்தது. அதனை வாடகைக்கு எடுத்ததால், புதிய சேவை விரைந்து கிராமப்புறத்தை எட்டிற்று. ஆள்வோர் போட்ட இருப்புப் பாதை, நூறாண்டுக்குப் பின் கிராமத்துப் பெண்ணின் குரலைச் சுமந்தது.

கடனிலே கையடக்கத் தொலைபேசி பெற்ற பெண், அதனைத் தன் வீட்டிலே வைத்து ஊராருக்குப் பேசக் கொடுத்தாள். நிமிடக் கணக்கிற் காசு பெற்றாள். நாட்டின் சராசரி வருமானத்திலும் மேலாக உழைத்தோர் அவர்களுள் பலர். மத்திய கிழக்கில் உழைக்கும் கணவன் பணம் அனுப்பினானா, எத்துணை அனுப்பினான் என்பதே பெரும்பாலான உரையாடல்களின் பொருள். தொலைபேசி ஆண்கள் கூடும் கடைத்தெருவில் இருந்திருப்பின் வரத் தயங்கும் பெண்கள், இன்னொரு பெண்ணின் வீட்டுக்குத் தயங்காது வந்தனர். வசதியுள்ளவர்களும் அந்த ஏழைப் பெண்ணின் வாசலிலே காத்துநிற்க நேர்ந்தது. இதன் பெறுமதியை ரூபாவிலோ தாக்காவிலோ கணக்கிட முடியாது. 2006ஆம் ஆண்டளவில் இத்தகைய பெண்கள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தனர். அவ்வாண்டே யூனுசும் வங்கியும் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

தமிழ் மண்ணிலும் ஒரு முயற்சி நடந்தது. 1998இலே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு நிலையங்களை அமைத்தது. வில்லியனூர் அதன் மையம். கம்பி நம்பத்தக்கதாக இல்லாமையால் கம்பியில்லாக் கருவிகளினாலும், மின்சாரம் நிலையில்லாமையாற் சூரிய ஒளியினாலும் நிலையங்களை இயக்கினர். சாதி வேற்றுமையின்றி எல்லாரும் நுழையத்தக்க பொது இடத்தையே ஊரார் தருதல் வேண்டும் என்பது நிபந்தனை. வீராம்பட்டினத்து மீனவர்க்கு, அமெரிக்கக் கடற்படையின் இணையத் தளத்திலிருந்து பெற்ற அலையின் உயரத்தை ஒலிபெருக்கியிலே தமிழில் அறிவித்தார்கள். போர்க்கப்பலுக்காகக் கணித்த அலை, கட்டுமரத்துக்கும் பயன்பட்டது.

2004 டிசெம்பர் 26ஆம் நாளை நம்மில் எவரும் மறக்க இயலாது. அன்று காலை, புதுச்சேரிக் கரையிலுள்ள நல்லவாடு என்னும் மீனவ ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரிலே இருந்தார். கடற்கோட் செய்தியை அங்கே கண்டவர், உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கரையைவிட்டு ஓடுமாறு கூறினார். செய்தி ஒரு வீட்டோடு நின்றிருந்தால் ஒரு குடும்பமே தப்பியிருக்கும். ஊரார் அறிவு நிலையத்தின் கதவை உடைத்து உட்புகுந்து, அலை உயரத்தை அறிவிக்கும் அதே ஒலிபெருக்கியிலே எச்சரிக்கையை முழங்கினர். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த ஊர். வீடுகளும் வள்ளங்களும் அழிந்தன; உயிரொன்றும் அழியவில்லை.

அதே காலையில் நமது கீழ்க்கரையை அலை தாக்கி அரை மணி நேரத்துக்கும் மேலான பின்னரே, தென்மேற்குக் கரையின் பெரலியவில் அது புகையிரதத்தை அடைந்தது. இடையே இருந்த நிமிடங்களை நான் பல இரவுகள் எண்ணியிருக்கின்றேன். தொலைபேசி இல்லாத நாடன்று நமது நாடு. தென்னாசியாவிலேயே முதலாவதாகக் கையடக்கத் தொலைபேசிச் சேவையை 1989இல் ஆரம்பித்த நாடு. ஆனால் கல்முனையிற் கண்டதைக் காலிக்கும் அப்பாலுக்கும் உரத்துச் சொல்லும் ஒரு வழி அன்று இருக்கவில்லை. நல்லவாட்டைக் காத்தது தொலைபேசி மட்டுமன்று. அதனோடு ஊர்நடுவே பொதுவாக இருந்த ஒலிபெருக்கியும், அதனை எடுத்து முழங்கலாம் என்று ஊரார் அறிந்திருந்ததுமே.

முதலாவதாக ஆரம்பித்த நாடு என்றேன். அந்தப் பெருமை எல்லாப் பகுதிக்கும் ஒரே நாளிற் சென்று சேரவில்லை. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்க வவுனியாவரை வந்து காத்திருந்த பெற்றோரை நான் அறிவேன். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னரே அங்கு கையடக்கத் தொலைபேசி பரவியது.

பசுவின் கதைக்குத் திரும்புவோம். கையடக்கத் தொலைபேசியின் விலை ஆண்டுக்காண்டு வீழ்ந்தது. ஊரிலே எல்லார் வீட்டிலும் பசு வந்துவிட்டாற் பாலை யாரிடம் விற்பது? பங்களாதேஷின் தொலைபேசிப் பெண்களின் வருமானம் சுருங்கியது. பலர் தொழிலைக் கைவிட்டனர். இந்தியாவின் மஞ்சட் பலகைகளும் மங்கி மறைந்தன. மெயிற்லண்ட் குழுவின் இலக்கு அவர்கள் எண்ணியதிலும் மேலாக நிறைவேறியது. அதனை நிறைவேற்றியவர்களுட் பலருக்கு அதனாற் பிழைப்புப் போயிற்று. இது தோல்வியா வெற்றியா என்று மாணவர் கேட்டால், இரண்டும் என்றே விடை கூறுகின்றேன். அவர்களுக்கு அது திருப்தியளிப்பதில்லை.

2020இலும் 2021இலும் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடங்களைத் தொலைபேசிக்கு அனுப்புமாறு பணிக்கப்பட்டோம். எங்கள் பாடசாலை ஆசிரியர்களும் மனமுவந்து அனுப்பினார்கள். மலைநாட்டிலும் வன்னியிலும் சமிக்ஞை தேடிப் பிள்ளைகள் பாறையிலும் மரத்திலும் ஏறிய செய்திகள் பத்திரிகைகளில் வந்தன. எங்கள் பகுதியிலே மரம் ஏறத் தேவையிருக்கவில்லை. சமிக்ஞை நன்றாகவே இருந்தது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் நாள்தோறும் இரவு எட்டு மணிக்குப் பின்னரே விடைகளை அனுப்புவாள். வீட்டிலே இருந்தது ஒரே தொலைபேசி. அது விடியுமுன் தந்தையோடு கடலுக்குப் போய்விடும். அவர் கரைக்கு மீண்டு, மீனை விற்று, வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அவளுக்குப் பாடசாலை திறக்கும்.